படச்சுருள் யாருக்குச் சொந்தம்? ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நடிகையின் தொழில்வாழ்க்கை: நிகழ்வு ஆய்வு

ஆய்வின் எல்லை

அமெரிக்கத் தொலைக்காட்சியின் தொடக்க ஆண்டுகளில் ஒரு நடிகையும் அவருடைய கணவரும், ஓர் ஒளிபரப்பு நிறுவனத்தோடும் ஒரு சிகரெட் நிறுவனத்தோடும் 1951இல் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். அந்த ஏற்பாடு எப்படி உருவானது, எப்படிப் பலன் கொடுத்தது, எங்கே கைநழுவியது என்பதுதான் இந்த ஆய்வின் பொருள். நிகழ்வு ஆய்வின் வழக்கப்படி ஆட்களைப் பெயர் சொல்லாமல் அவர்கள் வகித்த பொறுப்பால் குறிப்பிடுகிறேன். பழைய அமெரிக்க நகைச்சுவைத் தொடர்களைப் பார்த்தவர்கள் ஆள் யாரென்று சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் ஒன்றும் நட்டமில்லை. நிறுவனங்களின் பெயர்களும் ஆண்டுகளும் தொகைகளும் உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

இந்த நடிகையைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அவருடைய முகபாவங்களையும், விழுந்து எழுந்து சிரிக்கவைத்த திறமையையும் வியந்து நிறுத்திவிடுவார்கள். வியப்பு நியாயமானதே. ஆனால் தொடர் தயாரிப்பில் இருப்பவர்கள் அவர் போட்ட கையெழுத்துகளையும் படித்துப் பார்க்க வேண்டும்.

பின்னணி: 1911 முதல் 1948 வரை

நடிகை 1911இல் நியூயார்க் மாநிலத்தின் ஜேம்ஸ்டவுன் என்ற ஊரில் பிறந்தார். தந்தை தொலைபேசி நிறுவனத்தில் கம்பி ஊழியர். மகளுக்கு நான்கு வயது நிறைவதற்குள் அவர் டைபாய்டில் இறந்துபோனார். வளர்த்ததில் பெரும் பங்கு தாய்வழித் தாத்தாவுக்கு உண்டு. தாத்தா உறுதியான சோஷலிஸ்ட். அந்த உறுதி பேத்தியை 1953இல் எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

பதின்வயதில் நியூயார்க் நகரத்தின் நாடகப் பள்ளி ஒன்றில் சேர்ந்தார். இந்தப் பெண் நடிப்புக்குத் தேறமாட்டாள் என்று அங்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு ஆடை மாடலாகவும் சிகரெட் விளம்பரப் பெண்ணாகவும் வேலை பார்த்து, 1933இல் ஒரு படத்தின் ஆடல் குழுவில் ஒருவராக ஹாலிவுட்டுக்குப் போனார். அடுத்த பதினைந்து ஆண்டுகள் சம்பளத்துக்குக் குறைவில்லை, பெயர்தான் வரவில்லை. ஆர்கேஓ ஸ்டுடியோவின் ஒப்பந்த நடிகையாக ஏராளமான சிறு முதலீட்டுப் படங்களில் நடித்தார். ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு படம் காட்டிய அந்தக் காலத்தில் இரண்டாவதாக ஓடும் படங்கள் அவை. அத்தகைய ‘பி’ படங்களின் ராணி என்று பத்திரிகைகள் பட்டம் கொடுத்தன. பாராட்டும் கேலியும் பாதிப்பாதி. 1940களின் தொடக்கத்தில் எம்ஜிஎம் ஸ்டுடியோவுக்கு மாறினார். அங்கே அவருடைய கூந்தலைத் தீச்சிவப்பாக்கினார்கள். அந்த நிறம் கடைசிவரை அவருடைய அடையாளமாகவே நின்றுவிட்டது.

1940இல், கியூபாவிலிருந்து புலம்பெயர்ந்து வந்த இசைக்குழுத் தலைவர் ஒருவரை மணந்தார். கணவர் ஆறு வயது இளையவர், இரவு விடுதிகளில் வாசிப்பவர், பாதி ஆண்டு ஊர் ஊராகச் சுற்றுபவர். அவர் வேலை முடிந்து விடியற்காலையில் வீடு திரும்பும் நேரத்தில் மனைவி படப்பிடிப்புக்குக் கிளம்புவார். 1944இல் நடிகை விவாகரத்துக்கு மனுச் செய்து பிறகு சமாதானமானார். இதைச் சொந்த விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. பின்னால் எடுக்கப்பட்ட வணிக முடிவுகள் அத்தனைக்கும் வேர் இதில்தான் இருக்கிறது.

வானொலியில் கவனித்தது

1948இல் சிபிஎஸ் ஒளிபரப்பு நிறுவனத்தின் வானொலியில் ஒரு குடும்ப நகைச்சுவைத் தொடர் தொடங்கியது. வங்கி அதிகாரி ஒருவரின் துடுக்கான மனைவி பாத்திரம் நடிகைக்கு. சினிமாவில் கதாநாயகியாக நிலைபெறாத முப்பத்தேழு வயதுக்காரருக்கு அன்றைய ஹாலிவுட்டில் மிஞ்சியிருந்த வழிகள் குறைவு. வானொலி அவற்றில் ஒன்று.

தொடக்கத்தில் ஒலிவாங்கிக்கு முன்னால் தாளைப் பார்த்தபடி விறைப்பாகவே வாசித்தார். தொடரின் எழுத்தாளராகவும் தயாரிப்பாளராகவும் இருந்தவர் இதைக் கவனித்தார். அறிவுரை எதுவும் சொல்லாமல், அக்காலத்தின் முன்னணி நகைச்சுவையாளர் ஒருவரின் வானொலி நிகழ்ச்சிக்கு டிக்கெட் கொடுத்து, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார். அந்த நகைச்சுவையாளர் அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களை நோக்கி முகத்தாலும் உடலாலும் நடித்துக்கொண்டே வசனம் பேசியதை நடிகை பார்த்தார். அடுத்து வந்த ஒலிப்பதிவுகளில் அவரும் தாளிலிருந்து தலையைத் தூக்கினார். அரங்கம் சிரிக்கச் சிரிக்க அவருடைய குரலின் வேகமும் ஏற்ற இறக்கமும் மாறின.

எதிரில் ஆட்கள் இருந்தால் இவர் வேறு நடிகை. இந்தத் தொழில்வாழ்க்கையில் கவனிக்கப்பட்டவற்றுள் இதுவே மிக முக்கியமானது என்பேன். சினிமா ஸ்டுடியோக்கள் பதினைந்து ஆண்டுகளாக இவரை ஆளில்லாத தளத்தில் வைத்துப் படமெடுத்துக்கொண்டிருந்தன.

1950–51: மூன்று பிடிவாதங்கள், ஒரு விடை

தொடரைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோக சிபிஎஸ் விரும்பியது. நடிகையின் முதல் நிபந்தனை, கணவர் பாத்திரத்தில் தன் கணவரே நடிக்க வேண்டும் என்பது. ஒரே ஊரில், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் இருவருக்கும் வேலை இருந்தால் குடும்பம் பிழைக்கும் என்பதுதான் அவருடைய கணக்கு. ஸ்பானிய உச்சரிப்போடு ஆங்கிலம் பேசும் கியூபாக்காரரை ஓர் அமெரிக்கப் பெண்ணின் கணவராக மக்கள் ஏற்கமாட்டார்கள் என்று நிறுவனத்தார் சொன்னார்கள். நிஜத்தில் அவர்கள் கணவன் மனைவியாகத்தான் வாழ்ந்துகொண்டிருந்தார்கள் என்பது அந்தக் கூட்டத்தில் ஒரு வாதமாகவே எடுபடவில்லை.

தம்பதியர் வாக்குவாதத்தை நீட்டவில்லை. டெசிலு என்ற பெயரில், இருவர் பெயரின் துண்டுகளையும் ஒட்டி, சொந்த நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார்கள். 1950இல் ஒரு மேடை நிகழ்ச்சியைத் தயாரித்துப் பல நகரங்களுக்குக் கொண்டுபோனார்கள். தேர்ந்த கோமாளிக் கலைஞர் ஒருவர் பயிற்சி கொடுத்தார். கணவரின் இசைக்குழுவில் வேலை கேட்டு வரும் ஒரு விசித்திரமான செல்லோ வாசிப்பவராக நடிகை மேடையேறினார். அரங்குகள் நிறைந்தன. மக்கள் ஏற்பார்களா என்ற கேள்விக்கு மக்களிடமே பதில் வாங்கிவந்து மேசையில் வைத்தார்கள். 1951 மார்ச்சில் முன்னோட்டப் பகுதி, அதாவது தொடரை ஏற்பதா என்று பார்க்கச் சோதனையாக எடுக்கும் பகுதி, பதிவானது. அப்போது நடிகை கருவுற்றிருந்தார். முதல் குழந்தை அந்த ஜூலையில் பிறந்தது.

பிலிப் மோரிஸ் சிகரெட் நிறுவனம் விளம்பரதாரராக வந்தது. அன்றைய அமெரிக்காவில் ஒரு நிகழ்ச்சியின் செலவைப் பெரும்பாலும் ஒரே விளம்பரதாரர் ஏற்பார். ஆகவே அவருடைய சொல்லுக்கு எடை அதிகம். அவர்கள் நியூயார்க்கிலிருந்து நேரலையாக நடத்தச் சொன்னார்கள். அதற்குத் தொழில்நுட்பக் காரணம் இருந்தது. கிழக்குக் கரையையும் மேற்குக் கரையையும் இணைக்கும் தொலைக்காட்சித் தொடர்பு 1951 செப்டம்பரில்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் ஒரு கரையின் நேரலையை மறு கரையில் காட்ட ஒரே வழி கினெஸ்கோப். தொலைக்காட்சித் திரைக்கு எதிரே பிலிம் கேமராவை நிறுத்தி, திரையில் தெரிவதைப் படம்பிடித்து, சுருளை அனுப்பிவைப்பார்கள். பிம்பம் மங்கலாகவும் கலங்கலாகவும் இருக்கும். தொலைக்காட்சிப் பெட்டிகள் பெரும்பாலும் கிழக்கில் இருந்தன. தன் சிகரெட்டை வாங்கக்கூடியவர்களுக்கு மங்கல் படத்தைக் காட்ட எந்த விளம்பரதாரர் சம்மதிப்பார்?

தம்பதியர் நியூயார்க் போக மறுத்தார்கள். கைக்குழந்தை, கலிபோர்னியாவில் வீடு, ஒரு வழியாக ஒரே கூரையின்கீழ் வந்து சேர்ந்த வாழ்க்கை. இது இரண்டாவது பிடிவாதம். மூன்றாவது, எதிரில் ரசிகர்கள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது.

மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரே ஒரு விடைதான் மிஞ்சியது. ஹாலிவுட்டில், ரசிகர்கள் முன்னிலையில் நாடகம்போலத் தொடர்ச்சியாக நடித்து, அதை 35 மி.மீ. சினிமா பிலிமில் பல கேமராக்களால் ஒரே நேரத்தில் படமாக்குவது. நியூயார்க்குக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் ஒரே தரத்தில் பிரதி போகும். ஆனால் செலவு வாரத்துக்குப் பல ஆயிரம் டாலர் கூடும்.

அந்தக் கூடுதலைப் பங்கிடும் பேச்சில்தான் இந்த ஆய்வின் மையமான முடிவு எடுக்கப்பட்டது. தம்பதியர் தங்கள் சம்பளத்தில் வாரத்துக்கு 1,000 டாலரை விட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். பதிலுக்குக் கேட்டது, படமாக்கப்பட்ட சுருள்களின் உரிமை. சிபிஎஸ் கொடுத்துவிட்டது.

ஏன் கொடுத்தது என்று இன்று கேட்பது எளிது. அன்றைக்கு, ஒளிபரப்பான நிகழ்ச்சி நேற்றைய செய்தித்தாள். நேரலையில் முடிந்தது முடிந்ததுதான். ஒருமுறை பார்த்த நகைச்சுவையை அதே மக்கள் மறுபடி உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று கணக்குப் போட்டவர்கள் அந்தத் தொழிலில் அரிது. தம்பதியரும் முழுத் தீர்க்கதரிசனத்தோடு கேட்டார்கள் என்று நான் நம்பவில்லை. சம்பளத்தைக் குறைப்பவன் பதிலுக்கு ஏதாவது கேட்க வேண்டும், எதிர்த்தரப்பு மதிக்காத ஒன்று அங்கே கிடந்தது, அதைக் கேட்டார்கள். நல்ல பேரத்தின் இலக்கணம் அதுதான்.

தளத்தில் நடந்தது

ஹாலிவுட்டின் ஜெனரல் சர்வீஸ் ஸ்டுடியோவில் ஒரு தளத்தை வாடகைக்குப் பிடித்தார்கள். சுமார் 300 பேர் உட்காரும் வகையில் படிப்படியான இருக்கை வரிசைகள் அமைத்தார்கள். அவற்றுக்கு எதிரே வீட்டுக் கூடம், சமையலறை, இரவு விடுதி என அரங்கங்கள் பக்கம்பக்கமாக எழுந்தன. சினிமாத் தளம் பொது அரங்கமாக மாறும்போது நகராட்சியின் தீயணைப்பு, சுகாதார விதிகள் எல்லாம் பின்னாலேயே வந்துவிடும். முதல் படப்பிடிப்பு இரவில் ரசிகர்கள் வாசலில் காத்திருக்கும்போது, பெண்களுக்குக் கழிப்பறை இல்லை என்று சுகாதார அதிகாரி தடுத்தார். நடிகை தன் ஒப்பனை அறைக் கழிப்பறையைத் திறந்துவிட்டார். படப்பிடிப்பு நடந்தது.

ஒளிப்பதிவுக்கு ஜெர்மானிய மௌனப்படக் காலத்திலிருந்து புகழ்பெற்ற முதுபெரும் ஒளிப்பதிவாளர் ஒருவரை அழைத்தார்கள். சினிமாவில் ஒவ்வொரு கோணத்துக்கும் விளக்குகளை மாற்றி வைப்பார்கள். அண்மைக் காட்சிக்கு ஒரு ஒளி, தொலைக் காட்சிக்கு வேறு ஒளி. இங்கே மூன்று கேமராக்கள் ஒரே நொடியில் மூன்று அளவில் எடுக்கின்றன, இடையில் நிறுத்தவும் முடியாது. அவர் விளக்குகளைத் தரையிலிருந்து அகற்றி மேலே ஏற்றினார். அரங்கம் முழுவதும் சமமாக ஒளி விழும்படி செய்தார். கேமராக்கள் சக்கரங்களில் தடையின்றி உருள வழி கிடைத்தது. அரங்கச் சுவர்களைச் சாம்பல் நிறத்தின் வெவ்வேறு அழுத்தங்களில் பூசச் சொன்னார். வீட்டுத் திரையில் வெளுப்பும் கறுப்பும் எப்படி விழும் என்பதைத் தூரிகையிலேயே தீர்மானித்துவிட்டார்.

பல கேமராக்களில் படமெடுப்பது அதற்கு முன்பும் நடந்திருக்கிறது. ரசிகர் அரங்கம், சினிமா பிலிம், சமமான மேல்விளக்கு, மூன்று கேமரா என்ற சேர்மானம் ஒரு வாராந்திர நகைச்சுவைத் தொடருக்கு நிலையான முறையாகப் பழகியது இந்தத் தளத்தில்தான். இன்றும் அரங்கில் சிரிப்பொலி கேட்கும் அமெரிக்கத் தொடர்கள் இந்த முறையின் வழிவந்தவை.

1951 அக்டோபர் 15, திங்கட்கிழமை இரவு முதல் பகுதி ஒளிபரப்பானது. ஆறு பருவங்கள் ஓடிய தொடர் அவற்றுள் நான்கில் நாட்டிலேயே அதிகம் பார்க்கப்பட்டதாக இருந்தது.

1952: மறைப்பதா, காட்டுவதா

தொடர் உச்சத்தில் இருந்தபோது நடிகை மறுபடியும் கருவுற்றார். ஒளிபரப்பாளரும் விளம்பரதாரரும் முதலில் விரும்பியது மறைப்பை. மேசைக்குப் பின்னால் நிற்கட்டும், நாற்காலியில் உட்காரட்டும், பேச்சே வேண்டாம். எழுத்தாளர்-தயாரிப்பாளர் எதிர்த்திசையில் யோசித்தார்: பாத்திரமும் கருவுறட்டும். கணவர் நேரடியாக பிலிப் மோரிஸ் தலைவருக்கே கடிதம் எழுதி, இதுவரை எங்கள் தீர்ப்பை நம்பினீர்கள், இனி நம்பாவிட்டால் விளைவுக்கு நீங்களே பொறுப்பு என்ற பொருளில் முடித்தார். அதன் பிறகு எதிர்ப்பு அடங்கியது.

ஆனால் மோதல் மனநிலையில் மட்டும் அவர்கள் போகவில்லை. ஒரு கத்தோலிக்கக் குரு, ஒரு புராட்டஸ்டன்ட் போதகர், ஒரு யூத ரபி மூவரும் ஒவ்வொரு வசனப் பிரதியையும் படித்துப் பார்க்க ஏற்பாடு செய்தார்கள். கர்ப்பம் என்று நேராகச் சொல்லும் ஆங்கிலச் சொல்லை வசனத்தில் அனுமதிக்கவில்லை, அதையும் ஏற்றுக்கொண்டார்கள். கதை தங்களுடையதாக இருக்கும்வரை ஒரு சொல் போனால் போகட்டும் என்ற இந்தப் பாகுபாடு எனக்குப் பிடித்திருக்கிறது. எதில் விட்டுக்கொடுப்பது என்று தெரிந்தவர்களின் பிடிவாதத்துக்குத்தான் மதிப்பு.

அறுவைச் சிகிச்சைப் பிரசவம் என்பதால் நாளைக் குறிக்க முடிந்தது. 1953 ஜனவரி 19 காலையில் நிஜத்தில் ஆண் குழந்தை பிறந்தது. மாலையில் திரையிலும் ஆண் குழந்தை. திரைக் குழந்தை ஆணாக இருக்கட்டும் என்று எழுத்தாளர்கள் மாதக்கணக்கில் முன்பே முடிவு செய்துவிட்டிருந்தார்கள், பகுதியும் முன்பே படமாகியிருந்தது; இயற்கை ஒத்துழைத்தது. சுமார் 4.4 கோடிப் பேர் பார்த்தார்கள். மறுநாள் நடந்த அதிபர் ஐசன்ஹோவரின் பதவியேற்பைப் பார்த்தவர்கள் சுமார் 2.9 கோடி. அடுத்த மாதமே பிலிப் மோரிஸ் 80 லட்சம் டாலருக்குப் புதிய ஒப்பந்தம் போட்டது.

இதற்குள் சத்தமில்லாத ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. பிரசவத்தை ஒட்டிய ஓய்வு வாரங்களை நிரப்ப, பழைய சில பகுதிகளைப் புதிய முகப்புக் காட்சியோடு திரும்ப ஒளிபரப்பினார்கள். மக்கள் விலகிப் போகவில்லை. நேற்றைய செய்தித்தாளை இரண்டாம் முறை காசு கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது என்று அப்போது தெரிந்தது. அந்தச் சுருள்கள் டெசிலுவின் அலமாரியில் இருந்தன.

1953 செப்டம்பர்

அமெரிக்காவில் கம்யூனிஸ்டுகளைத் தேடிக்கொண்டிருந்த காலம். நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் அதிகாரி ஒருவர் நடிகையை மூடிய அறையில் விசாரித்தார். 1936இல் வாக்காளர் பதிவில் கம்யூனிஸ்ட் கட்சி என்று குறித்திருந்ததை நடிகை மறுக்கவில்லை. தாத்தாவின் மனம் கோணக்கூடாதென்று செய்தது என்றார். குழுவுக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனால் செய்தி வானொலி விமர்சகர் ஒருவர் வழியாகக் கசிந்து, பத்திரிகைகளின் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது. இதைவிடச் சிறிய சந்தேகத்துக்கெல்லாம் வேலை இழந்தவர்கள் அந்த ஆண்டுகளில் பலர்.

செப்டம்பர் 11, வெள்ளிக்கிழமை. அன்றிரவு படப்பிடிப்பு இருந்தது. தள்ளிவைக்கவில்லை. கணவர் வழக்கம்போல் ரசிகர்கள் முன்னால் வந்தார். சிரிக்கவைப்பதற்குப் பதிலாக நடந்ததைச் சொன்னார். இவளிடம் சிவப்பு என்று இருப்பது கூந்தல் மட்டுமே, அதுவும் அசல் இல்லை என்று முடித்து மனைவியை அழைத்தார். அரங்கம் எழுந்து நின்றது. விளம்பரதாரர் விலகவில்லை.

துணிச்சல் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நாட்டின் முதலிடத்தில் இருக்கும் தொடரைக் கைவிட யாருக்கும் வயிறு இடம் கொடுக்கவில்லை. அதே மாதம் ஒரு துணை நடிகர்மீது இதே செய்தி வந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும். இந்த நிகழ்வை நியாயத்தின் வெற்றி என்று எழுதுபவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை.

1957: விற்றதும் வாங்கியதும்

1957வாக்கில் டெசிலு மற்றவர்களின் தொடர்களையும் எடுத்துக்கொடுக்கும் பெரிய நிறுவனமாக வளர்ந்திருந்தது. இடம் போதவில்லை. அதே சமயம் ஆர்கேஓ ஸ்டுடியோ விலைக்கு வந்தது. அதை அப்போது வைத்திருந்தது ஒரு டயர் நிறுவனம். தம்பதியர் 61.5 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். பெரிய பாத்திரத்துக்காகக் காத்திருந்து காத்திருந்து நடிகை வெளியேறிய ஸ்டுடியோ அது. பத்திரிகைகள் இந்தப் பழிவாங்கலைக் கொண்டாடின.

பணம் பெரும்பாலும் எங்கிருந்து வந்தது என்பதைக் கொண்டாடியவர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. ஆறு பருவங்களின் பகுதிகளையும் 40 லட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகைக்கு சிபிஎஸ் நிறுவனத்துக்கே முழுமையாக விற்றிருந்தார்கள். விதைநெல்லை விற்று வயல் வாங்கிய கதை. வயல் நல்ல வயல்தான். ஆனால் அந்தத் தொடர் அதற்குப் பிறகு பகல் நேர மறு ஒளிபரப்பிலும், உள்ளூர் நிலையங்களிலும், வெளிநாடுகளிலும் இடைவிடாமல் ஓடிக்கொண்டே இருந்தது. வருமானம் சிபிஎஸ் கணக்கில் ஏறியது. 1951இல் மதிக்காமல் கொடுத்ததை ஆறே ஆண்டுகளில் அந்த நிறுவனம் மீட்டுக்கொண்டது. இம்முறை அதன் மதிப்பைத் தெரிந்துகொண்டு வாங்கியது.

1960–67: தலைவர் பொறுப்பில்

கணவருக்கு மது, வேலைப்பளு, வேறு உறவுகள் என எல்லாம் சேர்ந்துகொண்டன. இணைந்து நடித்த கடைசி நிகழ்ச்சியின் படப்பிடிப்பு முடிந்த கையோடு, 1960 மார்ச்சில், நடிகை விவாகரத்துக்கு மனுச் செய்தார். குடும்பத்தைக் காக்கத் தொடங்கிய நிறுவனம் குடும்பத்தைவிட நீண்ட ஆயுளோடு இருந்தது.

இருவரும் சில காலம் பங்குதாரர்களாகவே தொடர்ந்தார்கள். 1962இல் முன்னாள் கணவரின் பங்குகளைச் சுமார் 25 லட்சம் டாலருக்கு நடிகை வாங்கி, டெசிலுவின் தலைவரானார். அவ்வளவு பெரிய ஹாலிவுட் ஸ்டுடியோ ஒன்றின் தலைமைக்கு ஒரு பெண் வந்தது அதுவே முதல் முறை என்று பொதுவாகச் சொல்வார்கள். அவருக்கு அந்த வேலையில் ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. கணக்குப் பேரேடுகளும் இயக்குநர் குழுக் கூட்டங்களும் அவருக்குப் பிடித்தவையல்ல. கூடவே புதிய வாராந்திர நகைச்சுவைத் தொடர் ஒன்றிலும் நடித்துக்கொண்டிருந்தார். நிறுவனத்தின் நிச்சயமான வருமானம் அந்தத் தொடர்தான்.

அதைத் தவிர வேறு தொடர்கள் வேண்டும் என்பதற்காகப் புதிய முயற்சிகளுக்குப் பணம் ஒதுக்கினார்கள். அப்படி வந்தவை ‘ஸ்டார் ட்ரெக்’, ‘மிஷன்: இம்பாசிபிள்’. முதலாவதின் முன்னோட்டப் பகுதியை என்பிசி ஒளிபரப்பு நிறுவனம் நிராகரித்தது. ஆனாலும் வழக்கத்துக்கு மாறாக இரண்டாவது முன்னோட்டம் ஒன்றைக் கேட்டது. விண்கலம், வேற்றுக்கிரகம், தந்திரக் காட்சிகள் என்று வாராவாரம் எடுத்தால் டெசிலு தாங்காது என்று இயக்குநர் குழுவில் எதிர்ப்பு எழுந்தது. நடிகை எதிர்ப்பைத் தள்ளி அனுமதித்தார். 1966 செப்டம்பரில் இரண்டு தொடர்களும் ஒளிபரப்புக்கு வந்தன. இயக்குநர் குழுவின் பயம் வீண் பயமில்லை. இரண்டுமே செலவில் எகிறின. ஒளிபரப்பாளர் தரும் தொகையைத் தாண்டியதெல்லாம் நிறுவனத்தின் பையிலிருந்து போனது.

1967இல் கல்ஃப் அண்ட் வெஸ்டர்ன் குழுமத்துக்கு டெசிலுவை 1.7 கோடி டாலருக்கு விற்றார். நிறுவனம் அந்தக் குழுமத்தின் கையில் இருந்த பாரமவுண்ட் ஸ்டுடியோவின் தொலைக்காட்சிப் பிரிவாக மாறியது. ‘ஸ்டார் ட்ரெக்’ 1969இல் நிறுத்தப்பட்டது. 1970களில் உள்ளூர் நிலையங்களின் மறு ஒளிபரப்பில் அது பெரும் ரசிகர் கூட்டத்தைத் திரட்டியது. பிறகு திரைப்படங்களும் புதிய தொடர்களும் வந்தன. அனைத்தும் பாரமவுண்டுக்கு.

அதன் பிறகு

தனியாக ஒரு சிறு தயாரிப்பு நிறுவனம் வைத்துக்கொண்டு, 1968 முதல் 1974 வரை தன் இரு பிள்ளைகளோடு இன்னொரு தொடரில் நடித்தார். 1986இல் எழுபத்தைந்து வயதில் ஏபிசி தொலைக்காட்சியில் மீண்டும் வந்தார். பழைய எழுத்தாளர்கள், பழைய பாணி, ஏணியிலிருந்து விழும் பழைய வகைக் காட்சிகள். முன்னோட்டப் பகுதி எடுத்துச் சோதிக்காமலேயே தொடருக்கு ஒப்புதல் கொடுத்திருந்தார்கள். படமாக்கிய 13 பகுதிகளில் 8 மட்டுமே ஒளிபரப்பாகித் தொடர் நிறுத்தப்பட்டது. 1950இல் மேடைச் சுற்றுப்பயணம் நடத்திச் சோதித்த அதே நடிகைக்கு இப்போது சோதனை கேட்க யாருக்கும் துணிவில்லை. புகழ் அந்த அளவுக்கு வளர்ந்திருந்தது. 1989இல் காலமானார்.

மாற்றியிருக்கக்கூடியவை

1951இன் ஏற்பாட்டில் நான் எதையும் மாற்றமாட்டேன். வீட்டை விட்டுப் போகமாட்டோம் என்ற ஒரு குடும்பக் காரணம், ரசிகர் அரங்கம் வேண்டும் என்ற ஒரு நடிப்புக் காரணம், இரண்டும் சேர்ந்து ஒரு தொழில்நுட்பத்தையும் ஒரு சொத்தையும் உண்டாக்கின. அந்த வரிசையை முன்கூட்டியே திட்டமிட்டிருந்தால் இவ்வளவு நன்றாக அமைந்திருக்குமா என்பது சந்தேகம்.

1957இன் விற்பனை வேறு. ஆர்கேஓவை வாங்கியதைக் குறை சொல்லமாட்டேன். தளங்கள் இல்லாமல் 1966இன் தொடர்கள் இல்லை. கேட்டிருக்க வேண்டியது முழு விற்பனையை அல்ல, ஆண்டு வரம்புள்ள ஒளிபரப்பு உரிமையை. குறித்த ஆண்டுகளுக்கு சிபிஎஸ் காட்டிக்கொள்ளட்டும், பிறகு சுருள் திரும்பட்டும் என்று எழுதியிருந்தால் கையில் வரும் தொகை குறைந்திருக்கும், மீதிக்குக் கடன் வாங்க நேர்ந்திருக்கும். ஆனால் மறு ஒளிபரப்புக்கு மதிப்பு உண்டு என்பதை நாட்டில் முதலில் கண்டவர்களில் இவர்களும் உண்டு. அதைக் கண்ட பிறகும் விற்றார்கள் என்பதே சிக்கல். 1967இலும் இதே நிலைமை: நட்டத்தில் ஓடும் தொடர், எதிர்கால மறு ஒளிபரப்பு வருமானம், உடனே கிடைக்கும் தொகை. விற்பனை விலையோடு, ‘ஸ்டார் ட்ரெக்’, ‘மிஷன்: இம்பாசிபிள்’ இரண்டின் பின்னாள் வருமானத்தில் ஒரு சிறு சதவீதத்தைத் தக்கவைக்கும் ஓர் உட்பிரிவு போதுமானதாக இருந்திருக்கும்.

துணை நடிகர்கள் பக்கமும் ஒரு வார்த்தை. பக்கத்து வீட்டுத் தம்பதியராக நடித்த இருவர் இல்லாமல் அந்தத் தொடர் இல்லை; அவர்களில் மனைவியாக நடித்தவர் எம்மி என்ற தொலைக்காட்சி விருதும் வாங்கினார். மறு ஒளிபரப்புக்கான ஊதியத்துக்கு அன்றைய தொழிற்சங்க ஒப்பந்தங்களில் குறிப்பிட்ட தடவைகள் என்ற உச்சவரம்பு இருந்தது. வரம்பில்லாத ஊதியத்தைத் திரை நடிகர் சங்கம் 1974இல்தான் பெற்றது, அதுவும் அதற்குப் பின் எடுக்கப்படும் தொடர்களுக்கு. சுருளின் உரிமை கையில் இருந்த ஆறு ஆண்டுகளில் அந்த இருவருக்கும் அதில் ஒரு பங்கை எழுதிக்கொடுத்திருக்கலாம். சங்க விதி கேட்காததை முதலாளி தரக்கூடாதென்று எந்த ஒப்பந்தமும் தடுத்திருக்காது.